சும்மா நிற்கும் காருக்குக் கவர் எதற்கு?

கேள்வி இதுதான்: புதுக் கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் எடுக்கிறேன். மற்ற நாளெல்லாம் கூரை இல்லாத இடத்தில் நிற்கிறது. கவர் போட்டால் உண்மையிலேயே பயன் உண்டா? கவரே பெயின்டைக் கெடுத்துவிடும் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா?

இரண்டுமே சரிதான். கவர் பெயின்டைக் காப்பாற்றும், கவர் பெயின்டைக் கெடுக்கவும் செய்யும். எது நடக்கும் என்பது எந்தத் துணி, எந்த நிலையில் இருக்கும் காரின் மேல் விழுகிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் நிலைமையில், அதாவது திறந்த வெளியில் நாள்கணக்கில் நிற்கும் காருக்கு, கண்டிப்பாகப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். பல வருடம் கார் பெயின்ட், பாலிஷ் வேலை பார்த்தவன் நான். வெயிலில் கிடந்து கெட்ட கார்களையும் பார்த்திருக்கிறேன், கவரால் கெட்ட கார்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெயின்ட் என்பது எவ்வளவு மெல்லியது என்று தெரிந்துகொள்ளுங்கள். தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனியில் இருந்து வரும் காரில் இந்த நான்கும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆக, இரண்டு முடியை ஒன்றின் மேல் ஒன்று வைத்த கனம்தான் மொத்தப் பெயின்டும். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். காரின் பளபளப்பு முழுவதும் அந்த ஒரு படலத்தில்தான் இருக்கிறது. வெயில், எச்சம், தூசி என்று எது வந்தாலும் முதல் அடி வாங்குவதும் அதுதான். மங்கிய காரை ரப்பிங் பாலிஷ் போட்டுப் புதிது போல ஆக்குகிறோமே, அது அந்தப் படலத்தில் சில மைக்ரானைச் சுரண்டி எடுத்துக் கிடைக்கும் பளபளப்பு. எடுத்தது திரும்பி வராது. அதனால்தான் கெட்டபின் பாலிஷ் போடுவதைவிடக் கெடாமல் வைத்துக்கொள்வது நல்லது என்று வருபவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

வெயில் இந்தக் கிளியர் கோட்டை என்ன செய்கிறது? சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. கிளியர் கோட் என்பது நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் படலம்தான். புற ஊதாக் கதிர் அந்தச் சங்கிலிகளை அங்கங்கே அறுக்கிறது. அறுந்த இடத்தில் காற்றில் உள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொள்கிறது. படலம் மங்குகிறது, நெகிழ்ச்சி போகிறது, கடைசியில் வெடித்து உரிகிறது. பெயின்ட் தயாரிப்பவர்கள் இதற்காகவே புற ஊதாவை உறிஞ்சும் பொருள்களைக் கிளியர் கோட்டில் கலக்கிறார்கள். ஆனால் அவையும் வெயில் பட்டுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும்.

உரிந்த காரை நீங்களே பார்த்திருப்பீர்கள். கூரையிலும் பானெட்டிலும் பாம்புச் சட்டை உரிந்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் இருக்கும். அதே காரின் கதவுகள் நன்றாகவே இருக்கும். வெயில் நேராக இறங்குவது படுக்கையான பாகங்களின் மேல்தான் என்பதே காரணம். சந்தேகம் இருந்தால் சில வருடம் வெளியில் நின்ற கார் ஒன்றின் கதவைத் திறந்து, கதவுக்கு உள்ளே மறைந்திருக்கும் சட்டத்தின் நிறத்தையும் அதற்குச் சற்று மேலே இருக்கும் கூரையின் நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே நாளில் ஒரே நிறம் அடித்த தகடுதான் இரண்டும். ஒன்று வெயிலைப் பார்க்காதது, இன்னொன்று தினமும் பார்த்தது. சிவப்புக் காரில் இந்த வித்தியாசம் சட்டென்று தெரியும். கவரின் முதல் பயன் என்ன என்று கேட்டால் நான் இந்த இரண்டு தகடுகளைத்தான் காட்டுவேன்.

அடுத்தது காருக்குள்ளே. 2018-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகமும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று வந்தது. வெளி வெப்பம் 38 டிகிரி செல்சியசைத் தாண்டிய நாட்களில் கார்களை வெயிலிலும் நிழலிலும் நிறுத்தி அளந்தார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் உள்காற்று சராசரியாக 47 டிகிரி, ஸ்டீயரிங் 53, இருக்கை 51, டேஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்றவற்றில் உள்காற்று 38, ஸ்டீயரிங் 42, இருக்கை 41, டேஷ்போர்டு 48. டேஷ்போர்டில் மட்டும் 21 டிகிரி வித்தியாசம். கண்ணாடி வழியாக ஒளி உள்ளே நுழைகிறது, டேஷ்போர்டும் இருக்கையும் அதை வாங்கிச் சூடாகின்றன, அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. கவர் போட்டால் ஒளி கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

கவர் மர நிழலுக்குச் சமம் என்று நினைத்துவிட வேண்டாம். மர நிழலில் காற்று ஓடும். கவரோ உடம்போடு ஒட்டிக் கிடந்து தானும் சூடாகி, அந்தச் சூட்டைத் தகட்டுக்குக் கொடுக்கும். அதனால் நடுப்பகலில் கவரை எடுத்தால் கார் சில்லென்று இருக்காது. ஆனாலும் கண்ணாடி வழியாக வரும் நேரடி வெயில் நின்றுவிடுவதால் டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் கைவைக்க முடியாத அளவுக்குக் கொதிக்காது. வெளிர் நிறமோ வெள்ளிப் பூச்சோ உள்ள கவர் கறுப்புக் கவரைவிட இந்த விஷயத்தில் நல்லது.

கண்ணாடியைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டியது. அந்த ஏடு புற ஊதாவை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். கதவுக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படி இல்லை, ஒற்றைக் கண்ணாடிதான். அவை ஒரு வகைப் புற ஊதாவைத் தடுத்தாலும் இன்னொரு வகையில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். முன் கண்ணாடிக்கு மட்டும் மடக்குத் திரை வைத்துவிட்டு இருக்கைத் துணி ஏன் வெளுக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. டேஷ்போர்டைச் சூடு கெடுக்கிறது, இருக்கையின் ஓரங்களைப் பக்கவாட்டு வெயில் கெடுக்கிறது. அப்புறம், முன் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று படிந்து, இரவில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறதா? டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருள்கள் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் படிவதால் பெரும்பாலும் அப்படி ஆகிறது. அதாவது டேஷ்போர்டு கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஹெட்லைட் மஞ்சளாவதும் இதே கதைதான். இப்போது வரும் ஹெட்லைட்டின் முகப்பு கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கும். அது வெயிலில் தேய்ந்துபோனதும் பிளாஸ்டிக் மஞ்சளாகி மங்கும். அழகு போவதோடு இரவில் பாதையில் விழும் வெளிச்சமும் குறைந்துவிடும். வைப்பர் ரப்பர், கதவைச் சுற்றி இருக்கும் பீடிங் ரப்பர், வெளியில் தெரியும் கறுப்புப் பிளாஸ்டிக் எல்லாம் இதே கணக்குதான். டயருக்குக் கவரால் பாதிப் பயன்தான், ஏனென்றால் பெரும்பாலான கவர்கள் சக்கரத்தின் நடு வரைதான் இறங்கும்.

இப்போது பறவை எச்சம். இதை எல்லோரும் அசிங்கம் என்றுதான் நினைக்கிறார்கள், சேதம் என்று நினைப்பதில்லை. எச்சத்தில் இருக்கும் அந்த வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அது பெயின்டைத் தாக்கும் என்பது சரி, ஆனால் சேதம் அது மட்டுமே அல்ல. பகல் சூட்டில் கிளியர் கோட் இளகி விரிந்து நிற்கிறது. அந்த நேரத்தில் அதன் மேல் விழுந்த எச்சம் காய்ந்து கெட்டியாகிறது. மாலையில் தகடு குளிர்ந்ததும் கிளியர் கோட் சுருங்கும்போது, காய்ந்த எச்சத்தின் சொரசொரப்பான அடிப்பக்கத்தை அச்சு எடுத்த மாதிரி தன்மேல் பதித்துக்கொள்கிறது. கழுவியபின் ஒளியில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் வட்டமாக ஒரு மங்கல் தெரியும். விரல் நுனியால் தடவினால் சின்னப் பள்ளம் தட்டுப்படும். வெயில் கடுமையான நாளில் இதற்கு ஒரு பகல் போதும்.

இந்தத் தடத்தை எடுக்கச் சொல்லி வந்த கார்கள் என் கையில் நிறையப் போயிருக்கின்றன. மேலோட்டமாக இருந்தால் பாலிஷில் போய்விடும். ஆழமாகிவிட்டால் அந்தத் தகடு முழுவதும் பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. எச்சம் விழுந்ததைப் பார்த்ததும் காய்ந்த துணியால் சுரண்டுவது அதைவிடப் பெரிய தவறு, ஏனென்றால் அதற்குள் மணலும் விதைத் துண்டும் இருக்கும். நல்ல ஈரத்துணியை அதன் மேல் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் அப்படியே வழித்து எடுங்கள். வாரத்தில் ஐந்து நாள் காரைத் திரும்பியே பார்க்காத ஒருவருக்கு அந்தப் பத்து நிமிடம் சரியான நேரத்தில் கிடைக்காது. அதற்குத்தான் கவர். எச்சம் துணியில் விழுகிறது, துணியைத் துவைத்துக்கொள்ளலாம்.

மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு எச்சத்தோடு பிசினும் சேரும். சில பூச்சிகள் இலையின் சாற்றைக் குடித்துவிட்டுப் பொழியும் பிசுபிசுப்பான துளிகளும் விழும். வெயிலில் காய்ந்தால் இரண்டும் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும். உதிரும் இலைகள் இன்னொரு தொல்லை. முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே வைப்பருக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறதே, மழைநீர் வடியும் துளை அங்கேதான். இலை மக்கி அந்தத் துளையை அடைத்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் காருக்குள் இறங்கும். காலடி விரிப்பு ஏன் ஈரமாகிறது என்று தெரியாமல் தேடித் தேடி, கடைசியில் அந்தப் பள்ளத்தில் ஒரு கைப்பிடி மக்கிய இலையை எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. கவர் அந்தப் பள்ளத்தையும் மூடிவிடுகிறது.

தூசிக்கு வருவோம். கவர் வேண்டும் என்பதற்கும், கவர் ஆபத்து என்பதற்கும் காரணம் இந்த ஒரே தூசிதான்.

தூசியில் கணிசமான பங்கு மண்துகள், அதில் குவார்ட்ஸ் என்ற கனிமம் நிறைய இருக்கும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. கண்ணாடியே சுமார் 5.5தான். கிளியர் கோட் கண்ணாடியைவிட எவ்வளவோ மென்மையானது. இப்போது நினைத்துப் பாருங்கள்: காலையில் காரை எடுக்கும்போது மேலே தூசி படிந்திருக்கிறது, காய்ந்த துணியால் நான்கு தட்டுத் தட்டி ஒரு இழுப்பு இழுக்கிறோம். கண்ணாடியையே கீறக்கூடிய துகள்களைத் துணியில் பிடித்து, கண்ணாடியைவிட மென்மையான படலத்தின் மேல் இழுக்கிறோம். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. ஒரு வருடம் கழித்து, வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சூரியனின் பிரதிபலிப்பைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாக நிற்கும். உண்மையில் அவை வட்டக் கோடுகள் அல்ல. எல்லாத் திசையிலும் ஓடும் கீறல்களில் ஒளியைத் திருப்பி அடிக்கும்படி அமைந்தவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. அடர் நிறக் கார்களில் இது மனதை உறுத்தும்.

கவர் போட்ட காரை அடிக்கடி துடைக்க வேண்டியதில்லை. என் கணக்கில் இது வெயிலுக்கு அடுத்த பெரிய லாபம். ஒரு காரின் பெயின்டைக் கீறுவது பெரும்பாலும் அதன் சொந்தக்காரரின் அக்கறையான கைதான். துடைக்கும் தடவைகள் குறைந்தால் கீறலும் குறையும்.

ஆனால் அதே தூசி ஏற்கெனவே காரின் மேல் இருக்கும்போது கவரைப் போட்டால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஒரு முறை இரண்டு வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தது. கிளம்பும் அவசரத்தில், ஓடிவந்த காரைக் கழுவாமல் அப்படியே கவரை இழுத்துப் போட்டுவிட்டேன். கருநீல நிறக் கார், கவரும் ஒரு அளவு பெரியது. போன இடத்தில் காற்று பலமாக அடிக்கிறது என்று கேள்விப்பட்டபோதுகூட, கவர் இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். திரும்பி வந்து எடுத்துப் பார்த்தால் பம்பரின் இரண்டு மூலைகள், பானெட்டின் விளிம்பு, பக்கக் கண்ணாடிகளின் முதுகு எல்லாம் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்திருந்தன. கவர் எங்கெல்லாம் இறுகித் தொட்டு, காற்றில் படபடத்து அசைந்ததோ அங்கெல்லாம் அதே கதி. இரண்டு வாரம் இரவும் பகலும் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. மூலைகளில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது, அதனால் பாலிஷ் போட்டும் பழைய நிலை முழுதாக வரவில்லை. கவர் பெயின்டைக் கெடுக்கும் என்று உங்களிடம் சொன்னவர்கள் பெரும்பாலும் இப்படி ஒன்றைத்தான் பார்த்திருப்பார்கள்.

அதனால் கழுவிக் காயவைத்த கார் மேல்தான் கவர். ஒவ்வொரு முறையும் முழுக் கழுவல் முடியாது என்றால், நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள். அதுவும் முடியாத நாளில் கவர் போடாமலே விட்டுவிடுங்கள். ஒரு நாள் வெயில் பட்டால் ஒன்றும் ஆகிவிடாது, ஒரு நாள் உரசல் தடம் வைத்துவிடும். இதே காரணத்தால், தினமும் காலை மாலை காரை எடுப்பவர்களுக்கு நான் கவரைப் பரிந்துரைப்பதில்லை. தூசியோடு வரும் காரின் மேல் தினம் இரண்டு முறை துணியை இழுப்பது வெயிலைவிடக் கெடுதல்.

அடுத்த ஆபத்து ஈரம். ஈரத்துணியைப் பாலிதீன் பையில் கட்டி வைத்தால் என்ன ஆகும்? இரண்டு நாளில் புழுங்கி நாற்றம் வந்துவிடும். முழுப் பிளாஸ்டிக் கவரைப் போடுவதும் அதுதான். மழைத் தண்ணீர் மேலிருந்து இறங்காது என்பது உண்மை. ஆனால் தரையில் இருந்து எழும் ஈரம் கீழிருந்து ஏறும். இரவில் தகடு குளிரும்போது உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் துளித்துளியாகப் படியும். பகலில் அது ஆவியாகப் பார்க்கும், வெளியேற வழி இருக்காது. நாள்கணக்கில் இப்படி வேகவைத்தால் கிளியர் கோட்டில் ஈரம் ஊறிப் பால் ஊற்றிய மாதிரி மங்கலாகும். துருப் பிடிக்க இடம் இருந்தால் துரு வேகமாகப் பரவும், காருக்குள் பூஞ்சை நாற்றம் வரும். அதனால் காற்றும் நீராவியும் ஊடுருவிப் போகும் துணிதான் வேண்டும். கடையில் வாங்கும்போது துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். கொஞ்சமாவது மூச்சு அந்தப் பக்கம் போனால் நல்லது. சுத்தமாகப் போகவில்லை என்றால், கவரில் எங்காவது காற்றுப்போக்கித் துளைகள் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் வேண்டாம்.

ரீபெயின்ட் செய்த காருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கம்பெனியில் பெயின்டைச் சூளையில் வைத்துச் சுடுவார்கள், அது வரும்போதே முழுதாக இறுகி இருக்கும். பட்டறையில் அடித்த பெயின்ட் தொட்டால் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளிருக்கும் தின்னர் வெளியேறி முழுதாக இறுக வாரங்கள் ஆகும். புதிதாகப் பெயின்ட் அடித்தால் ஒரு மாதமாவது கவர் பக்கம் போகாதீர்கள். துணியின் நெசவே பெயின்டில் பதிந்துவிடும்.

என்ன துணி வாங்குவது? மூடிய கராஜுக்குள் நிற்கும் கார் என்றால் மெல்லிய, நெகிழும் பருத்தி வகைத் துணி போதும், தூசியைத் தடுத்தால் சரி. உங்கள் மாதிரி வெளியில் நிறுத்துபவர்களுக்குப் பல அடுக்குள்ள நெய்யாத பாலிபுரோப்பிலின் துணியோ, தண்ணீர் ஒட்டாத பூச்சு கொடுத்த பாலியெஸ்டர் துணியோ பொருத்தம். எதுவானாலும் உட்பக்கம் பஞ்சு போல மென்மையாக இருக்க வேண்டும். உட்பக்கத் துணியையும் தையலையும் கன்னத்தில் உரசிப் பாருங்கள். கன்னத்தில் சொரசொரத்தால் பெயின்டிலும் சொரசொரக்கும். கவரின் கனத்தைவிட அளவு முக்கியம். உங்கள் கார் மாடலுக்கென்றே தைத்ததாக, பக்கக் கண்ணாடிகளுக்குப் பை வைத்ததாக, அடியில் எலாஸ்டிக் உள்ளதாக, காரின் வயிற்றுக்குக் கீழே குறுக்காகக் கட்டும் பட்டை உள்ளதாக வாங்குங்கள். அந்தப் பட்டையின் பூட்டு பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்பு வளையம் ஆடி ஆடித் தகட்டைக் கீறும். காற்றில் கவர் அசையாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கவரும் நிரந்தரம் அல்ல. காருக்கு வர வேண்டிய புற ஊதாவைத் தான் வாங்கிக்கொண்டு தானும் மக்கும். தொட்டால் தூள் உதிர்கிறது, மடித்த இடத்தில் கிழிகிறது என்றால் மாற்றிவிட வேண்டியதுதான். அதுவரை அவ்வப்போது மிதமான சோப்பில் அலசி, கண்டிஷனர் எதுவும் போடாமல், நன்றாகக் காயவிட்டு மறுபடி பயன்படுத்துங்கள். உட்பக்கம் மண் ஒட்டிய கவர், துவைக்கும்வரை காரின் மேல் ஏறக்கூடாது.

போடும் முறையிலும் ஒரு பழக்கம் வேண்டும். கழற்றும்போது இரண்டு பக்கத்தையும் தூக்கி உட்பக்கத்தில் வெளிப்பக்கம் படாமல் கூரையின் மேல் மடித்துப் போட்டு, பின்னாலிருந்து முன்னால் வரை பாய் சுருட்டுவது போல் சுருட்டி எடுங்கள். போடும்போது சுருளை அதே முன்பக்கத்தில் வைத்துக் கூரை வழியாகப் பின்னோக்கி விரித்து, பக்கங்களைக் கீழே இறக்கிவிட்டால் போதும். தரையில் இழுத்துப் போகவே கூடாது. தரையில் ஒரு தடவை உரசினால் ஒரு கைப்பிடி மண் துணியில் ஏறிவிடும்.

ஓடிவந்த காரில் உடனே கவர் போடாதீர்கள். என்ஜினும் சைலன்சரும் ஆற அரை மணி நேரமாவது விடுங்கள். சைலன்சர் வாயில் கவர் உருகி ஒட்டிக்கொண்ட கார்கள் உண்டு. கவர் போட்டபடி என்ஜினை ஸ்டார்ட் செய்வது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: கவரை எடுக்கும்போதும் போடும்போதும் காருக்குள் குழந்தையோ செல்லப் பிராணியோ இல்லை என்று உள்ளே எட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். விளையாட்டுக்கு ஏறி ஒளிந்த குழந்தை கவருக்குள் இருப்பது வெளியில் யாருக்கும் தெரியாது. போட்டபின் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

கவரால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். ஆலங்கட்டி மழைக்குச் சாதாரணக் கவர் தாங்காது. அதற்கென்று பஞ்சு வைத்துத் தைத்த கனமான கவர்கள் உண்டு, அவையும் சின்னக் கல்லுக்குத்தான். எலியைக் கவர் தடுக்காது. சொல்லப் போனால் இருட்டும் மறைவும் கொடுத்து அதற்கு வசதி செய்து தருகிறது. வாரம் ஒரு முறை பானெட்டைத் தூக்கி வயர்களைப் பார்ப்பது அவசியம். மிதிவண்டி கைப்பிடி உரசுவது, பூனை ஏறிப் படுப்பது மாதிரியான சின்னக் கீறல்களைத் துணி ஓரளவு வாங்கிக்கொள்ளும், வேகமாக மோதுவதை அல்ல. திருட்டு விஷயத்தில் ஓரளவு உதவும்: உள்ளே பை இருக்கிறதா, போன் இருக்கிறதா என்று வெளியில் நின்று நோட்டம் விட முடியாது, கவரைக் கழற்றவும் நேரம் பிடிக்கும். உறைபனி விழும் இடங்களில் காலையில் கண்ணாடியைச் சுரண்டும் வேலை மிச்சம். ஆனால் அங்கே ஈரமான கவரைப் போட்டால் அது தகட்டோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும், பிய்த்து இழுக்கக்கூடாது. பொதுச் சாலையில் நிறுத்துவதாக இருந்தால் நம்பர் பிளேட் வெளியே தெரிய வேண்டும் என்று சில இடங்களில் விதி உண்டு. உங்கள் பகுதியில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாக்ஸ், செராமிக் கோட்டிங் எல்லாம் போட்டிருக்கிறேனே, பிறகு கவர் எதற்கு என்றும் கேட்பார்கள். அவை கழுவுவதை எளிதாக்கும், அழுக்கு ஒட்டாமல் செய்யும். காருக்குள் விழும் வெயிலையோ டேஷ்போர்டின் சூட்டையோ அவை தொடுவதே இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று அல்ல.

உங்கள் காருக்கு இப்படிச் செய்யுங்கள். ஆறு மாதம் வெளியில் நின்றிருக்கிறது, அதனால் கவர் வாங்கும் முன் ஒரு நல்ல கழுவல். காலை வெயிலில் பானெட்டையும் கூரையையும் சாய்வாகப் பார்த்து எச்சத் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இந்த நிலையில் மெல்லிய பாலிஷிலேயே போய்விட வாய்ப்பு அதிகம், அதன் மேல் ஒரு கை வாக்ஸ். முழுதாகக் காய்ந்தபின் கவர். வாரக் கடைசியில் காரை எடுத்துவிட்டுத் திரும்பினால் உடனே போட வேண்டாம், அன்று இரவு அப்படியே நிற்கட்டும். மறுநாள் காலை தண்ணீர் ஊற்றித் துடைத்து, ஈரம் போனதும் போடுங்கள். எந்தப் பயணமும் இல்லாமல் இரண்டு வாரம் தாண்டினால், மழை இல்லாத ஒரு நாளில் கவரைக் கழற்றி, கதவுகளையும் திறந்து சில மணி நேரம் காற்றாட விட்டு, காரை நல்ல தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள். சும்மா நிற்பதால் பேட்டரி இறங்குவதற்கும் டயரில் காற்றுக் குறைவதற்கும் கவரிடம் மருந்து இல்லை, பேட்டரிக்கு அந்த ஓட்டம்தான், டயருக்குக் காற்றுப் பிடிப்பதுதான்.